பிழைச் செய்திக்குப் பிறகான அரை நிமிடம்

வாசகர் கடிதம்:

வணக்கம். சவூதி அரேபியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவியர் பிரிவில், ஆயத்த ஆண்டு வகுப்புகளுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். பாடத்தில் ஏறத்தாழ பாதி, பிளாக்போர்டு என்ற கற்பித்தல் தளம் வழியாக இணையத்தில்தான் நடக்கிறது. எந்நேரமும் கைப்பேசியில் புழங்குகிற இந்தப் பெண்கள், இணையத் தேர்வு என்றதும் கைகால் உதறிப்போகிறார்கள். ஒரு கோப்பு ஏறவில்லை என்றால் மறுமுறை முயல்வதில்லை. "துக்தூரா (பெண் பேராசிரியரை அரபியில் இப்படித்தான் அழைப்பார்கள்), எனக்கு வரவில்லை" என்று நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். வகுப்பில் யாரும் கேமரா போடுவதில்லை. கேட்கிறார்களா, தூங்குகிறார்களா என்றே தெரிவதில்லை. இதற்குத் தீர்வாக ஒரு மணி நேர மைண்ட்ஃபுல்னஸ் (மனவிழிப்பு, அதாவது இந்தக் கணத்தில் நிகழ்வதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சி) பயிலரங்கு நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்; இந்தியாவிலிருந்து வந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று ஒரு நினைப்பு. கூடவே, மாணவியரின் தொழில்நுட்பத் தன்னம்பிக்கைக்கும் மனவிழிப்புக்கும் உள்ள தொடர்பை ஒரு வினாநிரல் மூலம் அளந்து கட்டுரை எழுத வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டில் எதை முதலில் கவனிப்பது? அவர்களுடைய சமய உணர்வைத் தெரியாமல் புண்படுத்திவிடுவேனோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

– ஒரு விரிவுரையாளர், சவூதி அரேபியா

கல்வி உளவியலாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எது முதலில் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தன்னம்பிக்கைக்கான வேலையை முதலில் தொடங்குங்கள். மனவிழிப்பை அந்த வேலைக்குள்ளேயே ஓரிடத்தில் வையுங்கள். திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றியதற்கும், மாணவி பதறிப்போய் எல்லாவற்றையும் மூடிவிட்டு உங்களுக்குக் குரல் செய்தி அனுப்புவதற்கும் இடையில் இருக்கும் அரை நிமிடம்தான் அந்த இடம். உங்கள் துறையினர் ஆராய விரும்பும் இரண்டு பண்புகளும் சந்திப்பது அங்கேதான். ஒரு மணி நேரப் பயிலரங்கால் அந்த அரை நிமிடம் மாறாது. ஆனால் ஒரு பருவம் முழுவதும் சிறுகச் சிறுகச் செய்யும் சில ஏற்பாடுகளால் மாறும்.

கைப்பேசியில் கைதேர்ந்தவர்கள் தேர்வுத் தளத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள் என்ற உங்கள் வியப்பு புரிகிறது. 2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர், டிஜிட்டல் உலகிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை என்று ஒரு தொடரைப் புழக்கத்தில் விட்ட பிறகு, இளைஞர்களுக்கு எல்லாக் கருவியும் இயல்பாகவே வரும் என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடையே ஊறிவிட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அதற்குப் பெரிதாக ஆதரவு தரவில்லை. உளவியலில் இதற்கு இன்னும் முந்தைய, இன்னும் உறுதியான விளக்கம் ஒன்று உண்டு. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கை, அதாவது இதை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, என்ற கருத்தின்படி, ஒருவரின் நம்பிக்கை ஒரு குறிப்பிட்ட செயலைச் சார்ந்தது. பொதுவான குணமாக எல்லா இடத்துக்கும் கூடவே வந்துவிடுவதில்லை. ஸ்னாப்சாட்டில் ஒரு காணொளியை வெட்டி ஒட்டி, எழுத்துச் சேர்த்து, நொடியில் வெளியிடும் பெண்ணுக்கு, எக்செல் கோப்பை உரிய வடிவில் சேமித்து, உரிய பெயரிட்டு, உரிய இடத்தில் ஏற்றி, சமர்ப்பித்ததற்கான சான்று வந்ததா என்று பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. சைக்கிள் நன்றாக ஓட்டுகிறார் என்பதற்காக ஒருவர் கையில் லாரிச் சாவியை நாம் கொடுப்பதில்லை. மேலும், ஸ்னாப்சாட்டில் தவறினால் அழித்துவிட்டு மீண்டும் எடுக்கலாம். உங்கள் தேர்வில் தவறினால் மதிப்பெண் போய்விடும்.

அவர்களுடைய தயக்கத்தில் ஒரு பகுதி நியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கில வழிப் புள்ளியியல் பாடத்தை அரபு எழுத்தில் சிந்திக்கும் ஒரு மாணவியின் திரையை நீங்கள் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வலமிருந்து இடமாக ஓடும் பத்தியில் -3 என்று தட்டினால், பல மென்பொருள்களில் கழித்தல் குறி எண்ணின் மறுபக்கத்துக்குத் தாவி 3- போலத் தோன்றும். அரபுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் சமன்பாடும் ஒரே வரியில் கலந்தால், சுட்டி எங்கே நிற்கிறது என்பதே குழப்பமாகிவிடும். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா போன்ற மேற்குப் பகுதி அரபு நாடுகளில் நாம் எழுதும் 1, 2, 3 என்ற எண்களே வழக்கத்தில் இருக்கின்றன. சவூதியிலும் எகிப்திலும் பள்ளியில் ١، ٢، ٣ என்ற வடிவங்களையும் கற்று வந்திருப்பார்கள். கைப்பேசி விசைப்பலகை அந்த வடிவத்தில் எண்ணைத் தந்துவிட்டால், தானாகத் திருத்தும் தேர்வு அமைப்பு சரியான விடையையும் தவறென்று சொல்லக்கூடும். தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி விழுந்தாலும் இதே கதைதான்.

சரியாகச் செய்தும் இயந்திரம் தவறென்று சொன்ன அனுபவம் இரண்டு முறை நேர்ந்துவிட்டால், மூன்றாம் முறை யாருக்கும் கை நடுங்கும். இதை மாணவியின் மனக்குறையாகப் பார்த்து அவருக்குத் தியானம் கற்பிப்பது முறையாகாது. தேர்வைத்தான் திருத்த வேண்டும். ஆகவே உங்கள் முதல் வேலை, மாணவியின் கைப்பேசியை ஒத்த ஒரு கருவியில், அரபு விசைப்பலகையோடு, உங்கள் தேர்வை நீங்களே ஒருமுறை எழுதிப் பார்ப்பது. பிளாக்போர்டின் பழைய அமைப்பில் ஃபோர்ஸ் கம்ப்ளீஷன் என்றொரு தெரிவு உண்டு. அதை இயக்கிவிட்டால், தேர்வின் நடுவே இணைப்பு அறுந்த மாணவி மீண்டும் உள்ளே வர முடியாது, ஆசிரியர்தான் திறந்துவிட வேண்டும். காப்பியடிப்பதைத் தடுக்கும் என்று நினைத்துப் பலர் அதை இயக்கிவைக்கிறார்கள். என் பார்வையில் அது தடுக்கும் ஏமாற்றைவிட விளைவிக்கும் பீதியே அதிகம். உங்கள் தேர்வில் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் மீதமிருக்கும் தயக்கத்துக்குத்தான் பயிற்சி தேவை. தன்திறன் நம்பிக்கைக்குப் பண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் உடலும் உணர்ச்சியும் தரும் செய்தி. இவற்றில் முதலாவதே வலிமை மிக்கது. அதனால், மதிப்பெண் இல்லாத ஒரு பயிற்சித் தேர்வைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே வையுங்கள். அதில் புள்ளியியல் கேள்வியே வேண்டாம். பெயரைத் தட்டு, ஓர் எதிர்ம எண்ணை உள்ளிடு, ஒரு படத்தை எடுத்து ஏற்று, சமர்ப்பித்த சான்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு என்ற அளவில் இருந்தால் போதும். அடுத்த வாரம், வேண்டுமென்றே ஒரு தடையை அதில் வையுங்கள். ஏற்க முடியாத கோப்பு வடிவம் ஒன்றைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். பிழைச் செய்தி வரும். அதைப் படித்து, வடிவத்தை மாற்றி, மீண்டும் ஏற்றினால்தான் பயிற்சி முடியும். தடையே இல்லாத வெற்றியால் வரும் நம்பிக்கை முதல் தடையிலேயே உடைந்துவிடுகிறது என்று பண்டூராவும் எச்சரித்திருக்கிறார்.

இரண்டாவது ஊற்றுக்கு நீங்கள் உதவ முடியாது, நீங்கள் துக்தூரா. உங்களுக்கு எல்லாம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் நீங்கள் செய்து காட்டுவதால் அவர்களுடைய நம்பிக்கை கூடாது. சென்ற ஆண்டு இதே பாடத்தை முடித்த ஒரு மாணவியிடம், தன் திரையைப் பதிவு செய்து, அவர்களுடைய பேச்சு வழக்கு அரபியிலேயே விளக்கும் சில நிமிடக் காணொளி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முகம் தெரிய வேண்டியதில்லை. குரல்கூட விருப்பமென்றால் போதும். அதில் அவர் ஒரு தவறு செய்து, "அடடா, இது ஏறவில்லையே" என்று சொல்லி, பிறகு சமாளித்துக் காட்ட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. கல்வி உளவியலாளர் டேல் ஷங்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களில் கணக்கில் பின்தங்கிய குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளில், ஒரே வீச்சில் செய்து முடிக்கும் சக மாணவரைப் பார்ப்பதைவிட, தடுமாறிப் பிறகு தேறும் சக மாணவரைப் பார்ப்பது சில சூழல்களில் கூடுதலாக உதவியது தெரியவந்தது.

மூன்றாவதான ஊக்கச் சொல்லில் ஒரு கண்ணி உண்டு. "இது ரொம்பச் சுலபம்தான், பயப்படாதே" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சுலபமானதே எனக்கு வரவில்லை என்றால் நான் எவ்வளவு மக்கு என்றுதான் தடுமாறும் மாணவிக்கு அது கேட்கும். "இந்த இடத்தில் முதல் தடவை பலருக்கும் சிக்கும், நீ போன வாரம் கோப்பு வடிவத்தை மாற்றினாயே, அதே போலத்தான்" என்று அவர் ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றைச் சுட்டிச் சொல்லுங்கள்.

நான்காவது ஊற்றில்தான் மனவிழிப்பு உள்ளே வருகிறது. பிழைச் செய்தி வந்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, காது அடைக்கிறது. எனக்கு இது வராது என்பதற்கான சான்றாக மாணவி அந்தப் படபடப்பை எடுத்துக்கொண்டால் திரையை மூடிவிடுவார். படபடப்பு வந்திருக்கிறது என்பதைக் கவனித்து, அதை அப்படியே இருக்க விட்டு, செய்தியை இரண்டாம் முறை படிக்க முடிந்தால், பெரும்பாலும் வழி அந்தச் செய்தியிலேயே இருக்கும். வழி கிடைத்து வேலை முடிந்தால், அது முதல் ஊற்றில் போய்ச் சேர்கிறது. அடுத்த முறை படபடப்பும் சற்றுக் குறைகிறது. மனவிழிப்பு நேரடியாகத் தன்னம்பிக்கையைப் பிறப்பிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். தன்னம்பிக்கை பிறப்பதற்குத் தேவையான இரண்டாம் முயற்சி நடப்பதற்கு அது இடம் கொடுக்கிறது.

இதற்கு நான் பரிந்துரைப்பது மிகச் சிறிய ஒரு பழக்கம்: பிழை வந்ததும் மவுசிலிருந்தோ திரையிலிருந்தோ கையை எடுத்து மடியில் வைப்பது, மூச்சை இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீட்டி இரண்டு முறை விடுவது, திரையில் உள்ள செய்தியை வாய்விட்டுப் படிப்பது, பிறகு, "கடைசியாக நான் எதைத் தொட்டேன்?" என்று கேட்டுக்கொள்வது. கண்ணை மூட வேண்டாம், சம்மணமிட வேண்டாம், மணி ஒலியும் வேண்டாம். இதைத் தனி வகுப்பாக நடத்தாமல், நான் மேலே சொன்ன, தடை வைத்த பயிற்சித் தேர்வின்போது, பிழை வரும் அந்த இடத்திலேயே செய்யச் சொல்லுங்கள். பதற்றம் இல்லாத நேரத்தில் கற்ற அமைதி, பதற்ற நேரத்தில் நினைவுக்கு வருவது அரிது.

பயிலரங்கு பற்றி உங்கள் துறைத் தலைவரிடம் சொல்வதற்குச் சில செய்திகள் தருகிறேன். ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பயிற்சியே இன்றைய மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புகளுக்கு மூலம். அது 8 வாரப் பயிற்சி. வாரந்தோறும் சுமார் இரண்டரை மணி நேரக் கூட்டமும், வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சியும் அதில் அடங்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், 8 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தேர்வுக் கால மன உளைச்சல் குறைவாக இருந்தது. மறுபக்கம், பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான மிரியட் ஆய்வில், வகுப்பு முழுவதற்கும் பொதுவாகக் கற்பித்த மனவிழிப்புப் பயிற்சியால் வழக்கமான கல்வியைவிடக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. விரும்பி வந்து, நாள்பட்டுச் செய்பவருக்குப் பயன் உண்டு. கட்டாயத்தின் பேரில் உட்காரவைக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் இல்லை என்றே நான் இவற்றைப் படிக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தைத் தட்டிக்கழிக்க முடியாவிட்டால், பயிற்சித் தேர்வை நடத்துவதற்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியர் என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பைக் கண்டு நீங்கள் சங்கடப்படத் தேவையில்லை. அதே சமயம் அந்த வேடத்தை ஏற்கவும் வேண்டாம். சவூதி அரசு 2017-இல் யோகாவை ஒரு விளையாட்டுச் செயல்பாடாக ஏற்றது. அங்கே அதைப் பரப்பிய நௌஃப் அல்-மர்வாயிக்கு 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. ஆகவே சூழல் முன்பு போல் இறுக்கமாக இல்லை. ஆனால் அரசின் நிலை வேறு, ஒரு குறிப்பிட்ட மாணவியின், அவர் வீட்டாரின் மனநிலை வேறு. தியானம் என்ற பெயரையோ, பௌத்தம், யோகம் பற்றிய முன்னுரையையோ தவிர்த்துவிடுங்கள். நான் சொன்ன பழக்கத்துக்கு அவை தேவையும் இல்லை. எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மாணவியரைக் கவர்வதற்காக, "உங்கள் தொழுகையே ஒரு மைண்ட்ஃபுல்னஸ்தான்" என்று சில பயிற்சியாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். இஸ்லாமிய அறிஞரான இமாம் கஸ்ஸாலி, தொழுகையின் உள்ளார்ந்த பண்புகளை வரிசைப்படுத்தும்போது, உள்ளம் அங்கே நிறைந்திருப்பதையே முதலில் வைத்தார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வளவு நுட்பமாக இதைப் பேசிய மரபு அவர்களுடையது. ஆனால் அங்கே அந்தக் கவனம் இறைவனை நோக்கியது. தேர்வுப் பதற்றத்தைக் குறைக்கும் உத்தியாக அதைச் சுருக்கிச் சொன்னால், பக்தியுள்ள மாணவிக்கு அது உறுத்தும். அந்த இணைப்பை மாணவியரே செய்துகொண்டால் செய்துகொள்ளட்டும். பிழை வந்ததும் ஒருவர் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு மறுபடி முயன்றால், மூச்சைக் கவனித்தாயா என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

கேமரா விஷயத்தில் உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிந்தாலும், அதை அக்கறையின்மையோடு முடிச்சுப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சவூதிப் பல்கலைக்கழகங்களின் மாணவியர் பிரிவுகளில், ஆண் பேராசிரியர்களின் விரிவுரையை மூடிய சுற்றுத் தொலைக்காட்சியில் பார்த்து, கேள்வியைத் தொலைபேசி வழியாகக் கேட்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. தன்னைக் காட்டாமல் கற்பது அங்கே 2020 மார்ச்சில் கொரோனாவோடு வந்த புதுப் பழக்கம் அன்று. இவர்களுடைய அம்மாக்களில் பலர் அப்படித்தான் பட்டம் பெற்றார்கள். வீட்டுக்குள் தலைமறைப்பின்றி இருக்கும் பெண்ணின் படத்தை வகுப்பில் யாராவது பதிவு செய்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சமும் அற்பமானதன்று. கேமராவைக் கேட்காதீர்கள்; கவனத்துக்கான சான்றை வேறு வழியில் பெறுங்கள்.

அந்த வழி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கார்ல் ஸ்புனாரும் டேனியல் ஷாக்டரும் ஹார்வர்டில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 21 நிமிடக் காணொளி விரிவுரை ஒன்றை நான்கு துண்டுகளாக்கினார்கள். பாடம், உங்களுடைய புள்ளியியலேதான். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சில கேள்விகளுக்கு விடை எழுதியவர்களின் மனம், எழுதாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ பாதியளவே அலைந்தது. குறிப்பும் அதிகம் எடுத்தார்கள். இறுதித் தேர்வை நினைத்த பதற்றமும் குறைவாக இருந்தது. மனவிழிப்பு வளர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முக்கால் மணி நேரம் இடைவிடாமல் பேசுவதைவிட, கவனம் தானாகத் திரும்பி வரும்படி விரிவுரையை வெட்டுவது நேர்மையான வழி. ஆறேழு நிமிடத்துக்கு ஒரு கேள்வி போடுங்கள். விடையை உரையாடல் பெட்டியில் தட்டட்டும். அரபியை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் கலந்து, ஹா என்ற அரபு எழுத்துக்கு 7, அய்ன் என்ற எழுத்துக்கு 3 என்று அவர்கள் நண்பர்களோடு எழுதும் நடையில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். முறையான ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், விடை தெரிந்த பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள். ரமலான் மாதத்தில் இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறிவிடுவதால், நோன்பு திறப்பதற்கு முந்தைய மணி நேரத்தில் எந்தத் தேர்வையும் வைக்காதீர்கள். தூக்கம் கெட்டு, பசித்திருப்பவரிடம் எந்த மனவிழிப்பையும் எதிர்பார்க்க முடியாது.

நள்ளிரவுக் குரல் செய்திகளுக்கு இப்போது நீங்கள் எப்படிப் பதில் தருகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலான ஆசிரியர்களைப் போல, "கோப்பை எனக்கு அனுப்பு, நான் ஏற்றிவிடுகிறேன்" என்றுதான் சொல்வீர்கள் என்று ஊகிக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆனால் மாணவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வெற்றி அங்கே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. இனிமேல் மூன்று கேள்விகளை அரபியில் ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதையே திரும்ப அனுப்புங்கள்: திரையில் என்ன எழுதியிருக்கிறது? அதற்கு முன் எதைத் தொட்டாய்? இரண்டாம் முறை முயன்றபோது என்ன நடந்தது? கெடு நேரத்தை நள்ளிரவில் வைக்காமல் நீங்கள் விழித்திருக்கும் மாலை நேரத்துக்கு மாற்றுங்கள். இரண்டாம் முயற்சி செய்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புபவருக்கு ஒரு நாள் அவகாசம் தானாகவே உண்டு என்று அறிவித்துவிடுங்கள். தொடக்கத்தில் முணுமுணுப்பு இருக்கும். பிறகு குரல் செய்திகள் குறையும்.

இனி, ஆய்வுக் கட்டுரை. ஒரே நாளில், ஒரே படிவத்தில், எனக்குக் கணினி நன்றாக வரும், என் மனம் நிகழ்காலத்தில் இருக்கிறது என்ற இரண்டு வகைக் கூற்றுகளுக்கும் மாணவியரே மதிப்பெண் போட்டால், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே பெரும்பாலும் தெரியும். அன்று மனநிலை நன்றாக இருந்தவர் இரண்டிலும் கூட்டிப் போடுவார். ஆசிரியரை மகிழ்விக்க நினைப்பவரும் அப்படியே. அதைக்கொண்டு, மனவிழிப்பு தன்னம்பிக்கையை வளர்க்கிறது என்று எழுதினால், தன்னம்பிக்கைதான் மனதை அமைதிப்படுத்துகிறது என்று எதிர்த்திசையில் வாதிடுபவருக்கு உங்களிடம் பதில் இருக்காது. பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் என இருமுறையாவது அளவிடுங்கள். கருத்துக்கணிப்போடு செயலின் தடத்தையும் சேருங்கள்: பிழைக்குப் பிறகு மறுமுயற்சி செய்தவர் எத்தனை பேர், கெடுவுக்கு எவ்வளவு முன்னதாகச் சமர்ப்பித்தார்கள் என்பதையெல்லாம் பிளாக்போர்டே பதிவு செய்து வைத்திருக்கும்.

அளவுகோல்களைப் பொறுத்தவரை, 1995-இல் காம்ப்யூவும் ஹிக்கின்ஸும் உருவாக்கிய பத்துக் கூற்றுகள் கணினித் தன்னம்பிக்கைக்கு இன்றும் உதவும். சொல்லித்தர யாருமே இல்லாதபோது என்னால் முடியுமா, கையேடு மட்டும் இருந்தால் முடியுமா என்று உதவியின் அளவை மாற்றி மாற்றி அது கேட்கிறது. மனவிழிப்புக்கு, பிரவுனும் ரயனும் 2003-இல் தந்த 15 கூற்றுகளைப் பலர் எடுக்கிறார்கள். அவை கவனம் தவறுவதை மட்டுமே அளப்பவை என்பதால், பதற்றத்தை ஏற்று அதனோடு இருக்கும் திறனை அவை காட்டாது. உங்கள் ஆய்வுக்குத் தேவையானதோ அந்தத் திறன்தான். ஆகவே, அகத்தே எழுவதை எடைபோடாமலும் அதற்கு உடனே எதிர்வினையாற்றாமலும் இருப்பதைத் தனித்தனியாக அளக்கும், 2006-இல் பேயரும் பிறரும் வெளியிட்ட ஐந்து கூறுகள் கொண்ட அளவுகோலைப் பாருங்கள். எதை எடுத்தாலும் அரபி மொழிபெயர்ப்பை இன்னொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிட்டு, பிறகு சில மாணவியரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மாணவியரிடம் நீங்களே படிவம் வாங்குவதும் கூடாது. மதிப்பெண் போடுபவரிடம் மறுப்புச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. வேறொருவர் வாங்கட்டும், பெயர் வேண்டாம், பல்கலைக்கழக ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகே தொடங்குங்கள்.

கட்டுரையின் தலைப்பில் அரபு மாணவர்கள் என்று போடாமல், உங்கள் நகரத்தின், உங்கள் ஆயத்த ஆண்டு மாணவியர் என்று மட்டும் போடுங்கள். அரபு லீகில் 22 நாடுகள் இருக்கின்றன. ரியாத்தில் அதிவேக இணைப்போடு அமர்ந்திருக்கும் மாணவியும், நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாத லெபனானில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்குள் பாடத்தைப் பதிவிறக்கும் மாணவியும், 2023 ஏப்ரலில் தொடங்கிய போரால் வீட்டையும் கல்லூரியையும் விட்டு ஓடிய சூடான் மாணவியும் ஒரே வினாநிரலில் ஒரே எண்ணைக் குறிக்கலாம். அந்த எண்ணின் பொருள் ஒன்றாக இருக்காது. ஈராக்கிலும் அல்ஜீரியாவிலும் பள்ளி இறுதித் தேர்வுகளின்போது வினாத்தாள் கசிவதைத் தடுப்பதற்காக நாடு முழுவதும் இணையத்தையே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சூழலில் வளர்ந்தவர், இணைப்பு எந்நேரமும் அறுந்துவிடும் என்று அஞ்சினால் அது தன்னம்பிக்கைக் குறைவாகாது, உலகறிவு.

கடைசியாக ஒன்று. உங்கள் வகுப்பில் சிரியா, சூடான், யேமன் நாடுகளிலிருந்து வந்த மாணவியர் இருந்தால், மூச்சையும் உடலையும் கவனிக்கச் சொல்வது சிலருக்குப் பழைய கொடுமையான நினைவுகளைக் கிளறிவிடக்கூடும். அதனால்தான் மூச்சை இரண்டே முறையோடு நிறுத்தி, கவனத்தைத் திரையில் உள்ள எழுத்துக்குத் திருப்பும்படி அந்தப் பழக்கத்தை அமைத்தேன். அதுவும் வேண்டாம் என்பவர், கையை எடுத்துவிட்டுச் செய்தியைப் படித்தாலே போதும். இவற்றையெல்லாம் ஒரு மாதம் செய்த பிறகும், பயிற்சித் தேர்வில்கூட ஒருவர் நடுங்கி வெளியேறினால், தொடர்ந்து வகுப்புக்கே வராமல் போனால், தூக்கமும் உணவும் கெட்டிருப்பதாகக் குரல் செய்தியில் தெரிந்தால், அதைத் தொழில்நுட்பப் பயமாக எண்ணி நீங்கள் தனியே கையாள வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் அரபி பேசும் பெண் ஆலோசகர் இருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரித்து, அவருடைய எண்ணைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது மாணவியிடம் எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பாமல், அவர் சம்மதித்தால் முதல் அழைப்பில் நீங்களும் உடன் இருங்கள்.